அந்தக் கோரிக்கையை வெச்சது யாருங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

எங்க சேர்வராயன் மலைக் கிராமத்துல பஸ் ஸ்டாப் நிழற்குடை திறந்த செய்தியைப் போன வாரம் போட்டோவோட போட்டிருந்தீங்க, சந்தோஷம். அதுல ‘மக்களின் நீண்ட நாள் கோரிக்கை நிறைவேறியது’ன்னு ஒரு வரி. கோரிக்கை வெச்ச அந்தப் புண்ணியவான் யாருன்னு உங்க நிருபர் விசாரிச்சு சொன்னா நல்லாருக்கும். நாங்க கிராமசபைலயும் மனுநீதி நாள்லயும் ஓட்டு கேட்டு வந்த எல்லாக் கட்சிக்காரங்ககிட்டயும் வருஷக்கணக்கா கேட்டது ரோடுங்க. மழை பேஞ்சா மண்ணை அரிச்சுட்டுப் போயிடுது, மிளகு மூட்டையைத் தலையில வெச்சுத்தான் இறக்கணும், 108 வண்டி பாதியிலயே நின்னுடும், என் மருமகளைப் பிரசவத்துக்குத் தூளி கட்டித்தான் தூக்கிட்டு வந்தோம். அதெல்லாம் உங்க பேப்பர்ல வரலை. கோடை விழா மலர்க் கண்காட்சின்னா மட்டும் முழுப் பக்கம்.

உங்களுக்குத் தெரியாததா? தொகுதி வேலைக்குன்னு ஒதுக்குற எம்.எல்.ஏ. நிதி வருஷம் 3 கோடி, எம்.பி. நிதி 2011-ல இருந்து 5 கோடி. அவங்க பரிந்துரைதான் செய்யலாம், அனுமதி கொடுக்கிறது கலெக்டர். எம்.பி. நிதில 7.5 சதவீதம் பழங்குடி மக்கள் இருக்கிற பகுதிக்குப் போகணும்னு விதியே இருக்கு. ஆனா மலை ரோடுன்னா வனத்துறை அனுமதி வாங்கணும், செலவும் ஜாஸ்தி, முடியறதுக்குள்ள அடுத்த எலெக்‌ஷன் வந்துடும். நிழற்குடை, ஹைமாஸ் லைட்டுன்னா சட்டுனு முடிஞ்சிடும், பேரும் பெருசா எழுதிக்கலாம். எங்க கல்வெட்டுலயும் அஞ்சாறு பேர் பெயர் தங்கக் கலர்ல மின்னுது, ஊர் பேரு அடியில பொடி எழுத்துல, அதுலயும் ஒரு துணைக்கால் எழுத்து விட்டுப்போச்சு. நிழற்குடையை மூணு பக்கமும் திறப்பா விட்டிருக்காங்க, சாரல் அடிச்சா குடை பிடிச்சுட்டுத்தான் உள்ள நிக்கணும்.

இதுல எங்க ஏற்காடு தொகுதி சேலம் மாவட்டத்துல இருந்தாலும் எம்.பி. எலெக்‌ஷன்ல கள்ளக்குறிச்சியோட சேர்த்தி. யார்கிட்ட மனு கொடுக்கிறதுன்னு எங்காளுங்களுக்குப் புரியறதுக்குள்ள அஞ்சு வருஷம் ஓடிடுது.

இந்த மாதிரி தொகுதி நிதியைக் கென்யாவுல 2015-ல ஹைகோர்ட்டு செல்லாதுன்னுச்சு, நம்ம எம்.பி. நிதியை சுப்ரீம் கோர்ட்டு 2010-லயே செல்லும்னுடுச்சு. சரி, செல்லட்டும், எனக்கு அதுல சண்டையில்லை.

ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. எந்த ஊருக்கு என்ன வேலை, எவ்வளவு தொகை, யார் கேட்டதுன்னு மாசம் ஒரு தடவை கலெக்டர் ஆபீஸ்ல பட்டியல் வாங்கிப் போடுங்க. கால் பக்கம் போதும், நகைக்கடை விளம்பரத்துக்கு இடைஞ்சல் இல்லாத மூலையா பார்த்துப் போட்டாலும் சரிங்க.

இப்படிக்கு,
ஒரு மலைக் கிராம வாசகர், ஏற்காடு