நூலக வாசகர் வட்டம்: 2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், புரவலர்களுக்கும், பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் இயங்கும் நமது வாசகர் வட்டத்தின் ஓராண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை, பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளையொட்டித் தொடங்கிக் கோடை விடுமுறை வரை நீடித்த சிறுவர் அறிவியல் வகுப்புக்கே ஒதுக்கியுள்ளேன்.

வகுப்புக்கு எடுத்துக்கொண்ட பொருள் ஒளிவிலகல், அதாவது நீரிலிருந்து காற்றுக்குச் சாய்வாக வரும்போது ஒளி திசை மாறுவது. ஒளிவிலகல் என்றாலே கண்ணாடி டம்ளர் நீரில் பென்சிலை நிறுத்திக் காட்டுவதுதான் வழக்கம். செயற்குழுவிலும் பலர் அதையே முன்மொழிந்தனர். பாடநூலில் அந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்துவிட்ட பிள்ளைகளுக்கு அதில் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை என்று நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் எடுத்துரைத்ததால், எவர்சில்வர் போசியும் ஒரு ரூபாய்க் காசும் கொண்டு தொடங்குவதென முடிவாயிற்று. புரொஜெக்டர் வைத்துப் படம் காட்டினால் எடுப்பாக இருக்கும் என்ற யோசனையும் வந்தது. வீட்டில் அம்மாவிடம் கேட்டு வாங்கக்கூடிய பாத்திரத்தில் செய்தால்தான் பிள்ளைகள் வீட்டுக்குப் போயும் செய்து பார்ப்பார்கள் என்பதால் அதை ஏற்கவில்லை.

போசியின் அடியில் காசை வைத்து, விளிம்பு அதைச் சரியாக மறைக்கும் இடம் வரை ஒரு பிள்ளை பின்னால் நகர்ந்து தலையை அசைக்காமல் நிற்க, இன்னொரு பிள்ளை சொம்பிலிருந்து ஓரமாக, மெதுவாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றுவதற்கு முன்பே, காசு தெரியுமா தெரியாதா என்று ஒவ்வொருவரையும் சொல்ல வைத்தோம். தெரியாது என்றவர்களே அதிகம். நீர் ஏற ஏறக் காசின் ஓரம் பிறைபோல் எட்டிப்பார்த்து, பிறகு முழுக் காசும் தெரிந்தபோது, ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, “தண்ணி காசைத் தூக்கீருச்சுங்க சார்” என்றாள். இதைவிட நல்ல தொடக்கம் அந்த வகுப்புக்கு வாய்த்திருக்காது. உடனே விடை சொல்லாமல், உண்மையிலேயே தூக்கியதா என்று எப்படிச் சோதிப்பது என அவர்களிடமே கேட்டோம். மெழுகுவத்தியை உருக்கிக் காசைப் போசியோடு ஒட்டிவிடலாம் என்று ஒரு பையன் சொன்னான். ஒட்டிய பிறகும் காசு தெரிந்தது. அசைந்தது காசு அன்று, அதிலிருந்து வரும் ஒளியின் பாதைதான் மாறியது என்பது அதன்பின் விளங்கிற்று.

ஒளி ஏன் திரும்புகிறது என்பதை விளக்க, ஆசிரியர் மாட்டுவண்டியைத் துணைக்கழைத்தார். உழுத காட்டிலிருந்து தார்ச்சாலைக்குச் சாய்வாக ஏறும் வண்டியில், முதலில் சாலையைத் தொடும் சக்கரம் வேகமெடுப்பதால் வண்டி திரும்பிவிடுகிறது; நேர்க்குத்தாக ஏறினால் திரும்புவதில்லை. வெற்றிடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளி, காற்றிலும் அநேகமாக அதே வேகத்தில் செல்கிறது. நீரில் சுமார் 2.25 லட்சம் கிலோமீட்டர்தான் செல்கிறது. இவ்விரண்டின் விகிதமான 1.33தான் நீரின் ஒளிவிலகல் எண். கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் தாலமி இந்தக் காசுச் சோதனையை எழுதிவைத்து, விலகும் கோணங்களையும் அளந்தார் என்பதையும், சரியான விதி 10ஆம் நூற்றாண்டில் பாக்தாதின் இப்னு சாலிடமும் பின்னர் 1621இல் ஸ்நெல்லிடமுமே வசப்பட்டது என்பதையும் பெரிய பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

அடுத்த வாரம், “நேரா மேல இருந்து பார்த்தா ஒளி திரும்பாதுல்லீங்க, அப்ப ஆழம் சரியாத் தெரியுமுங்களா?” என்று ஒரு பையன் கேட்டான். தெரியாது என்பதே விடை. கண்ணுக்குள் நுழைவது ஒற்றைக் கதிர் அன்று, சற்றே சாய்ந்து வரும் பல கதிர்களின் கற்றை. அவை பின்னோக்கிச் சந்திக்கும் இடம் காசுக்கு மேலேயே அமைகிறது. ஊறுகாய் பாட்டிலில் 12 செ.மீ. உயரத்துக்கு நீர் நிரப்பி, மேலிருந்து பார்த்தபடியே காசு தெரியும் மட்டத்தில் பாட்டிலின் வெளியே விரலை வைத்துக் குறிக்கச் செய்தோம். நீர்மட்டத்திலிருந்து 9 செ.மீ. என்பது கணக்கு, பிள்ளைகளின் குறிகளும் அதையொட்டியே அமைந்தன.

கிணற்றிலும் கீழ்பவானி வாய்க்காலிலும் நீச்சல் பழகும் பிள்ளைகளுக்கு இது அவசியம் தெரிந்திருக்க வேண்டும். நீர் தெளிந்திருக்கையில் 4 அடி ஆழம் மேலிருந்து பார்த்தால் 3 அடியாகத் தெரியும். கரையில் நின்று சாய்வாகப் பார்த்தால் அதைவிடவும் குறைவாகத் தெரியும். பெற்றோரையும் அழைத்து இதைக் காட்டினோம்; என்னளவில் இவ்வகுப்பின் முதன்மைப் பயன் இதுவே.

நீர் நிரம்பிய கண்ணாடி டம்ளருக்குப் பின்னால் அம்புக்குறி வரைந்த அட்டையை நகர்த்தும் சோதனையும் நடந்தது. அட்டை டம்ளரை ஒட்டியிருக்கும்வரை அம்பு திரும்பாது. டம்ளரின் விட்டத்தில் ஏறத்தாழ பாதித் தொலைவைத் தாண்டியதும் இடம் வலமாக மாறித் தெரியும். டீக்கடைக் கிளாஸ் வரி வரியாக இருப்பதால் உருவம் சிதைகிறது; வழவழப்பான டம்ளரே வேண்டும்.

வரும் ஆண்டில் முழு அக எதிரொளிப்பைச் சேர்க்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. நீருக்குள்ளிருந்து வரும் ஒளி, செங்குத்துக் கோட்டோடு சுமார் 49 பாகைக்கு மேல் சாய்ந்து நீர்ப்பரப்பை அடைந்தால் வெளியேறாமல் உள்ளேயே திரும்பும் என்பதை, துளையிட்ட பாட்டிலும் டார்ச்சும் கொண்டு காட்டலாம். லேசர் விளக்கு எடுப்பாகத் தெரியும். ஆனால் சிறுவர் கண்ணில் படும் ஆபத்து உள்ளதால் அதைத் தவிர்ப்பதென முடிவு செய்துள்ளோம்.

போசிகளை இரவல் தந்த உறுப்பினர்களுக்கு நன்றி தெரிவித்து, இவ்வறிக்கையை ஏற்று, மேற்கண்ட பரிந்துரைக்கு ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்