பரங்கிமலைப் படிகள்

அன்புள்ள சேவியர்,

மூன்று மாதமாகக் கடிதம் போடவில்லை, திட்டாதே. உன் அம்மாவின் முப்பதாம் நாள் பூசைக்குத் திருச்சியிலிருந்து வரமுடியாமல் போனது உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டில் எல்லோரும் சுகம். சின்னவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். குண்டு பாலன் இன்னும் அப்படியேதான் இருக்கிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு பரங்கிமலைக்குப் போனேன். மஸ்கட்டுக்குக் கிளம்பும்போது நீ கேட்டுக்கொண்டாயே, அம்மா பேரில் ஒரு மெழுகுவர்த்தி. ஆட்டோக்காரர் மேலே வரைக்கும் ரோடு இருக்கிறது என்றார். முழங்கால் அவ்வளவு வலித்தபோதும் அம்மா படியில்தானே ஏறினார்கள்? நானும் அடிவாரத்திலேயே இறங்கிக்கொண்டேன்.

அந்தப் படிகளைக் கட்டியது யார் தெரியுமா? நூறு தடவை ஓடி ஏறியிருக்கிறோம், ஒருநாளும் கேட்டதில்லை. கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி, 1726-இல், தன் சொந்தப் பணத்தில். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் மார்மலாங் பாலத்தைக் கட்டியதும் அவர்தான்; பட்டணத்திலிருந்து மலைக்கு வருகிறவர்கள் ஆற்றைத் தாண்ட வேண்டுமே. இப்போது அங்கே மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. பாரசீகத்து ஜுல்பாவிலிருந்து வந்த மனிதர், 1751-இல் நம் ஊரிலேயே இறந்துபோனார். அவர் விருப்பப்படி இதயத்தை மட்டும் ஜுல்பாவுக்கு அனுப்பினார்களாம். இதை நினைத்ததும் படியில் உட்கார்ந்துவிட்டேன். உன் ஞாபகம் வந்தது. இருபது வருஷமாக மஸ்கட்டில் இருக்கிறாய், எதை எங்கே வைத்திருக்கிறாய் என்று உன்னிடம் நான் கேட்டதே இல்லை.

கோயில் சின்னதுதான். போர்த்துகீசியர் 1523-இல் கட்டியது. பீடத்துக்குப் பின்னால் சுவரில் அந்தக் கல் சிலுவை. 1547-இல் மலையில் தோண்டும்போது கிடைத்தது. 1558 டிசம்பர் 18 அன்று பூசை நடக்கும்போது இரத்தம் வடித்தது என்று அம்மா சொல்லும்போது நாம் வாயைப் பிளந்து கேட்போம். இந்த முறை நான் பார்த்தது சிலுவையைச் சுற்றி ஓடும் எழுத்துகளை. அது பஹ்லவி, பாரசீக மொழியின் இடைக்கால வடிவம். போர்த்துகீசியர் கப்பல் ஏறுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே கிறிஸ்தவர்கள் இருந்ததற்கு அதுவே சாட்சி. அறிஞர்கள் ஆளுக்கொரு பொருள் சொல்லியிருக்கிறார்கள். அந்த எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாமல் அம்மா ஐம்பது வருஷம் அதன் முன்னால் முழங்காலில் நின்றிருக்கிறார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது சேவியர். நான் உங்கள் கோயிலில் மண்டியிட்டதில்லை என்று உனக்குத் தெரியும். அன்று மண்டியிட்டேன்.

அப்புறம், சர்வேயர் ஐயா, உனக்கு ஒரு கேள்வி. கோயிலுக்கு வெளியே வில்லியம் லாம்டன் சிலை இருக்கிறதே, கவனித்திருக்கிறாயா? இந்தியா முழுவதையும் அளந்த வேலைக்கு முதல் அடிக்கோட்டை, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான கோட்டை, 1802-இல் இந்த மலைப்பக்கம்தான் அளந்தார், ஏழரை மைல், நூறடி எஃகுச் சங்கிலியை வைத்து. நீ பாலைவனத்தில் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைகிறாய், உன் தொழிலின் மூலஸ்தானம் உன் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்திருக்கிறது. நாம் அந்த மேட்டில் நின்று மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானங்களை எண்ணினோம்!

மெழுகுவர்த்தி காற்றில் இரண்டு முறை அணைந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி கையைக் குவித்து மறைத்துப் பிடித்தார், மூன்றாவது முறை நின்றது. கடைசிவரை எரிந்து முடிவதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.

டிசம்பர் 18 திருவிழாவுக்கு லீவு போட்டுக்கொண்டு வா. இப்போதே சொல்லி வை, கடைசி நிமிஷத்தில் முதலாளி விடவில்லை என்று எழுதாதே. படியில்தான் ஏற வேண்டும். அம்மாவின் கறுப்புக் குடை, பிடி உடைந்தது, எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. எடுத்துக்கொண்டு வரட்டுமா?

உன்,
முருகேசன்