வேப்பிலையாவது கட்டியிருக்கலாம்

எடிசன், நியூஜெர்சி
ஜூலை 21, 2021

தமிழ்ப் பள்ளிக் கோடை முகாமை நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம்.

நடந்தது என்னவென்று உங்களுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியது, மூன்று நாட்கள் உங்களுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அதனால்தான் இந்த மடல்.

ஜூலை 13, செவ்வாய் சாயங்காலம், கும்மி சொல்லித்தந்த பெண்ணுக்குக் கோவிட் என்று முடிவு வந்தது. உங்கள் மின்னஞ்சல் எங்களுக்கு வந்தது 16ஆம் தேதி, வெள்ளி இரவு 9.40க்கு. நடுவில் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் முகாம் நடந்தது. பிள்ளைகள் வந்தார்கள், ஜூஸ் குடித்தார்கள், கும்மிக்குப் பதிலாகப் பல்லாங்குழி ஆடினார்கள். எனக்கு விஷயம் தெரிந்தது அந்த மின்னஞ்சலால்கூட இல்லை. வெள்ளி மத்தியானம் மூன்று மணிக்குக் காரில் ஏறி, பெல்ட் போட்டுக்கொண்டே என் எட்டு வயது மகள் சொன்னாள்: "அம்மா, கும்மி அக்காவுக்குக் கோவிட்டாம். யார்கிட்டயும் சொல்லக் கூடாதாம்."

அப்படிச் சொன்னது யார் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரிந்த ஒரு பெயரைச் சொல்வாள். அடுத்த பொங்கல் விழாவில் அவரைப் பார்த்து நான் சிரிக்க வேண்டியிருக்கும்.

அந்தப் பெண்மேல் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. கல்லூரி விடுமுறையில் சம்பளம் வாங்காமல் வந்து நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தவள். உடம்பு சரியில்லை என்றதும் வீட்டிலேயே இருந்துகொண்டாள், சோதனை செய்தாள், முடிவு வந்த அன்றைக்கே உங்களிடம் சொன்னாள். அவள் செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டாள். அதற்கப்புறம்தான் விஷயம் நின்றுபோயிருக்கிறது.

எங்கள் வீட்டு நிலைமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களோடு இருக்கும் என் மாமியாருக்கு நான்கு வருடத்துக்கு முன்னால் சிறுநீரக மாற்று அறுவை நடந்தது. கொடுத்தவர் என் கணவர். வந்த சிறுநீரகத்தை உடம்பு வேற்றாள் என்று நினைத்து விரட்டிவிடாமலிருக்கத் தினமும் மாத்திரை. அந்த மாத்திரையின் வேலையே எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பதுதான். அதனால் தடுப்பூசி இரண்டு டோஸ் போட்டும் எங்களுக்கு நிம்மதி வரவில்லை. உறுப்பு மாற்று செய்துகொண்ட 658 பேரைப் பார்த்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் இந்த மே மாதம் வெளியிட்ட ஆய்வில், இரண்டு டோஸுக்கு அப்புறமும் 54 சதவீதம் பேருக்குத்தான் எதிர்ப்பொருள் தென்பட்டிருக்கிறது. எங்கள் டாக்டர் இதையே சுருக்கமாகச் சொன்னார்: ஊசி போடாதவர் மாதிரியே இருங்கள்.

என் மகள் ராத்திரிச் சாப்பாட்டைப் பாட்டி கையால்தான் சாப்பிடுவாள். எட்டு வயதுக்கு என்ன ஊட்டல் என்று நான் கத்துவேன், இரண்டு பேருமே காதில் வாங்க மாட்டார்கள். தயிர் சாதத்தை உருட்டி, நடுவில் கட்டை விரலால் குழி பண்ணி, அதில் இரண்டு சொட்டு வத்தக்குழம்பு. இவள் வாயைத் திறந்துகொண்டே அன்றைய கேம்ப் கதை முழுவதையும் பாட்டிக்குச் சொல்ல வேண்டும். முகத்துக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. செவ்வாய், புதன், வியாழன் மூன்று ராத்திரியும் இது நடந்தது. செவ்வாய் சாயங்காலமே நீங்கள் இரண்டு வரி எழுதியிருந்தால் ஒரு ராத்திரிகூட நடந்திருக்காது.

வெள்ளி ராத்திரி நானும் மகளும் பேஸ்மென்ட்டுக்குப் போனோம். பாட்டி மாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கதை சொன்னார். மகள் இந்தப் பக்கம் படியில் உட்கார்ந்து கேட்டாள். பாட்டிக்குக் காது கொஞ்சம் மந்தம், இவள் 'உம்' கொட்டுவது கேட்கவில்லை. ஒவ்வொரு வரிக்கும் ஒரு தரம் "தூங்கிட்டியாடா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மாஸ்க் போட்டுக்கொண்டு இவள் கத்தினாள்: "இல்ல பாட்டி, கேக்குது!" என் கணவர் அந்த நான்கு நாளும் சரியாகப் பேசவே இல்லை. அம்மாவுக்குக் கொடுக்க அவரிடம் இன்னொன்று இல்லை.

ஐந்து நாள் கழித்துத்தான் சோதனை செய்ய வேண்டும் என்பதால் சனிக்கிழமை காரில் வரிசையில் நின்று எடுத்தோம். திங்கள் இரவு முடிவு வந்தது. மகளுக்கும் இல்லை, மாமியாருக்கும் இல்லை. அதைச் சொன்னதும் உங்கள் குழுவில் ஒருவர் போனில், "அதான் ஒண்ணும் ஆகலையே, விடுங்க" என்றார். ரோட்டைப் பார்க்காமல் வண்டி ஓட்டியவர் வீடு வந்து சேர்ந்ததும் சொல்கிற மாதிரி இருந்தது. கும்மிக் குழுவில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. அவர்கள் நன்றாகத் தேறி வருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். அவர்கள் வீட்டிலும் தாத்தா பாட்டி இருக்கலாம்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. முகாமில் யாருக்காவது கோவிட் என்று உங்களுக்குத் தெரிந்தால், அன்றைக்கே எல்லாப் பெற்றோருக்கும் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமையிலிருந்து பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் சண்டையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு கட்சி, முகாமையே மூடு என்கிறது. இன்னொரு கட்சி, "காஸ்ட்கோவுக்குப் போறீங்க, நீச்சல் குளத்துக்கு அனுப்புறீங்க, கேம்ப் மட்டும் ஆபத்தா?" என்று கேட்கிறது. நான் இரண்டிலும் இல்லை. மூடச் சொல்ல எனக்கு மனசு வராது. 2020 மார்ச்சிலிருந்து இந்தக் குழந்தை திரையைப் பார்த்தே இரண்டு வகுப்புகளில் படித்தாள். மற்ற பிள்ளைகளோடு பேச வாய் எடுப்பதற்கு முன் மியூட்டை எடுக்கத் தேடும் விரலைப் பார்த்திருக்கிறேன். முகாமின் முதல் நாள் தொண்டை கட்டி வீட்டுக்கு வந்தாள். பயந்து விசாரித்தால், கத்தி விளையாடினாளாம். அன்றைக்கு உங்கள் எல்லோரையும் மனசார வாழ்த்தினேன். அது பொய்யில்லை.

பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இன்னும் தடுப்பூசி கிடையாது. நம் முகாமில் பெரும்பாலோர் அந்த வயதுதான். வேகமாகப் பரவுகிற டெல்டா வகைக் கொரோனா வேறு வந்துவிட்டது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. போன வருடம் ஜூனில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு தங்கும் முகாமில் நடந்ததையும் படித்திருப்பீர்கள். எல்லோரும் நெகட்டிவ் சான்று கொடுத்துத்தான் உள்ளே போனார்கள். பணியாளர்களுக்கு மட்டும் மாஸ்க், பிள்ளைகளுக்கு இல்லை. ஜன்னல், கதவுகளைத் திறந்து வைக்கவில்லை. தினமும் கூட்டமாகப் பாட்டு, கூச்சல். அந்த மாநிலத்திலிருந்து வந்திருந்த 597 பேரில் சோதனை முடிவு கிடைத்தது 344 பேருக்கு. அதில் 260 பேருக்குத் தொற்று. ஆறிலிருந்து பத்து வயதுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வந்தது.

நம் ஹால் எப்படி? ஏசி வீணாகிறது என்று ஜன்னலைச் சாத்தி வைத்து, இருபத்திரண்டு பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி, "இன்னும் சத்தமா!" என்று கும்மிப் பாட்டு. செய்யுள் ஒப்பிப்பதும் அப்படித்தான். கூரை அதிராவிட்டால் நமக்குத் தமிழ் வராது. வாசலில் மட்டும் நெற்றிக்கு நேரே ஒரு துப்பாக்கியைப் பிடித்து ஜுரம் பார்க்கிறீர்கள். மேசை மேசையாக மருந்து அடிக்கிறீர்கள். அண்டா கணக்கில் சானிடைசர். 98.4 என்று காட்டிவிட்டால் கொரோனா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே உட்கார்ந்துகொள்ளும் போலிருக்கிறது.

இவ்வளவுக்கும் அந்த ஜார்ஜியா முகாமில் ஒன்றைச் சரியாகச் செய்தார்கள். குளிர் நடுக்கம் வந்த இளம் பணியாளர் ஒருவர் ஜூன் 23இல் வீட்டுக்குப் போனார், 24இல் பாசிட்டிவ் என்று தெரிந்தது. அன்றைக்கே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். நாடு முழுவதும் தப்பான உதாரணமாகக் காட்டுகிற முகாம் அது. அவர்களுக்குக்கூட மூன்று நாள் ஆகவில்லை.

நல்ல உதாரணமும் இருக்கிறது. அதே கோடையில் மேய்ன் மாநிலத்தின் நான்கு முகாம்களில் 1,022 பேர் தங்கினார்கள். வருவதற்கு முன்னும் வந்த பின்னும் சோதனை செய்தார்கள், பிள்ளைகளைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்தார்கள், முடிந்த மட்டும் வெளியிலேயே வைத்து நடத்தினார்கள். மூன்றே பேருக்குத்தான் தொற்று வந்தது. உடனே அவர்களைத் தனியே வைத்து, அவரவர் குழுவையும் ஒதுக்கி வைத்தார்கள். வேறு யாருக்கும் பரவவில்லை. ஊசியே இல்லாத கோடையில் ஆயிரம் பேருக்கு முடிந்தது அறுபது பேருக்கு முடியாதா?

நீங்கள் தாமதமாகச் சொன்னதற்குக் கொடுத்த காரணம் ஹிப்பா, அதாவது நோயாளியின் மருத்துவத் தகவலை ரகசியமாக வைக்கச் சொல்லும் அமெரிக்கச் சட்டம். அந்தச் சட்டம் டாக்டரையும் மருத்துவமனையையும் காப்பீட்டு நிறுவனத்தையும் கட்டுப்படுத்துவது. பல்லாங்குழி சொல்லித்தரும் நம்மை அது கட்டாது. கட்டினாலும், நான் பெயரைக் கேட்கவில்லையே. "கும்மிக் குழுவில் ஒருவருக்கு உறுதி, கடைசியாக வந்தது 12, திங்கட்கிழமை." இதைத் தட்டச்சு செய்ய ஒரு நிமிடம் ஆகுமா?

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிடுவார்கள். யாருக்கு என்று எழுதிப் போட மாட்டார்கள். கொத்தைப் பார்த்ததும் பால்காரர் திண்ணையிலேயே பாலை வைத்துவிட்டுப் போவார், கர்ப்பிணிப் பெண்கள் அந்தப் பக்கமே வர மாட்டார்கள். யாருக்கும் மானம் போகவில்லை. சொல்லப்போனால் அந்த வீட்டுக்கு ஒரு மரியாதைதான் கூடும், அம்மன் வந்திருக்கிறாள் என்று. படிக்கத் தெரியாத ஆத்தா செய்த வேலை அது. நம்மிடம் மின்னஞ்சல் இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது, பள்ளிக்கென்று தனிச் செயலிகூட இருக்கிறது. வேப்பிலைதான் இல்லை.

தகவல் அனுப்ப உங்களுக்குத் தெரியாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். முகாம் கட்டணத்துக்கு ஐந்து நினைவூட்டல் வந்தது. 2020 பொங்கல் விழாவில் சாம்பார் பத்தாது என்று தெரிந்து பத்து நிமிடத்தில் நான்கு வீட்டுக் குக்கரில் பருப்பு வெந்ததை நான் பார்த்தேன், ஒரு குக்கர் என்னுடையது. அதை விடுங்கள். இந்த மே மாதம் சென்னையில் படுக்கை கிடைக்காமல் என் சித்தப்பா போனபோது, நான் போனில் பார்த்து அழுதபோது, ஆக்சிஜன் செறிவூட்டி வாங்கி அனுப்ப ராப்பகலாகப் பணம் திரட்டியது இதே குழுதான். வந்த ஒவ்வொரு டாலருக்கும் அன்றன்றைக்குக் கணக்கு அனுப்பினீர்கள். இந்த நோய் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரில் இருப்பவர்களுக்காக அவ்வளவு பதறியவர்கள், நம் ஹாலுக்குள் வந்ததும் ஏன் வாயை மூடிக்கொண்டீர்கள்? பெயர் கெட்டுவிடும் என்றா? அடுத்த வாரம் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்றா?

கோபத்தில் கொஞ்சம் அதிகம் பேசிவிட்டேன். "நாங்க எல்லாரும் வாலன்டியர்தானே" என்று நீங்கள் சொல்வது உண்மை. வேலையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு இதையும் இழுத்துச் செய்கிறீர்கள். உங்களில் பாதிப் பேரை நான் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன், இனியும் அப்படித்தான் கூப்பிடுவேன். தயவுசெய்து, முகாம் திரும்பத் தொடங்கும் 26ஆம் தேதிக்கு முன்னால் எல்லாப் பெற்றோருக்கும் எழுத்தில் ஒரு வாக்குக் கொடுங்கள்: யாருக்காவது உறுதியானால் அன்றைக்கே சொல்வோம், எந்தக் குழு, கடைசியாக வந்தது எந்த நாள் என்பதையும் சேர்த்துச் சொல்வோம், பிள்ளைகளிடம் மறைக்கச் சொல்ல மாட்டோம். அந்தக் கடைசிப் பகுதியை எப்படி எழுதுவது என்று சங்கடமாக இருந்தால் நானே எழுதித் தருகிறேன்.

அந்த மடல் வந்தால் திங்கட்கிழமை மகளை அனுப்புவேன். வராவிட்டால் மாட்டேன், கட்டணத்தைத் திருப்பியும் கேட்க மாட்டேன்.

கும்மியைப் பின்பக்கப் புல்வெளியில், மரத்தடியில் வைத்துக்கொள்ளலாம். மழை வந்தால் ஹாலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், வியர்த்தால் பிள்ளைகள் கரைந்துவிட மாட்டார்கள். ஜன்னலில் பொருத்தும் பெரிய மின்விசிறி இரண்டு எங்கள் கராஜில் சும்மா கிடக்கிறது. திங்கள் காலை எட்டரைக்குக் கொண்டுவருகிறேன். யாராவது ஒருவர் வந்து கதவைத் திறந்துவிட்டால் போதும், மாட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கும்மிக் குழுவில் உள்ள ஒரு குழந்தையின் அம்மா