படலைக்கு வெளியே நின்று எழுதும் மடல்

கொழும்பில் இருந்து சந்தை ஆய்வு நடத்தும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். ஒன்பது வருடமாக உங்களைப் போன்றவர்களுக்குக் களவேலை செய்கிறேன். சவர்க்காரம், பால்மா, பிஸ்கட், வங்கி, தொலைபேசி என்று எல்லாவற்றையும் பற்றி, பரந்தனில் இருந்து மல்லாவி வரை படலை படலையாகக் கேட்டிருக்கிறேன். ஊரில் எனக்குப் பெயர் ‘சேர்வேப் பிள்ளை’.

அண்மையில் ஒரு பயிற்சியில், இனி வரப்போவது ‘செயற்கைப் பதிலாளர்கள்’ என்று சொன்னார்கள். இருக்கிற தரவை வைத்து, கிராமத்துப் பெண், 35 வயது, இரண்டு பிள்ளைகள் என்று கணினியே ஒரு ஆளை உருவாக்குமாம். கேள்வி கேட்டால் அந்த ஆள் பதில் சொல்லும். பெற்றோல் செலவு இல்லை, மழை இல்லை, நாய் கடிக்காது. நல்ல விஷயம்தான். என்னை நாய் இரண்டு தரம் கடித்திருக்கிறது.

ஆனால் அந்தப் பெண்ணை எதை வைத்துச் செய்வீர்கள்? வன்னியில் 1981க்குப் பிறகு முழுமையான குடிசன மதிப்பீடு நடந்தது 2012இல். இடையில் 2001இல் எடுத்த கணக்கு நாட்டின் 18 மாவட்டங்களில்தான் முழுதாக முடிந்தது. 2009/10இல் நடந்த வீட்டு வருமான, செலவின ஆய்வு கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மூன்றையும் விட்டுவிட்டு நடந்தது. முப்பது வருடம் சரியாக எண்ணப்படாத ஊர் இது. அதற்கு அப்புறம் உங்கள் கைக்கு வந்தது, என்னைப் போன்றவர்கள் டெப் என்ற கைக்கணினியில் தட்டி அனுப்பியது. அதை எப்படித் தட்டினோம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

டெப்பை வெளியில் எடுத்ததும் முதல் கேள்வி எனக்குத்தான் வரும். “பிள்ளை, இது பதிவோ?” 2009இல் போர் முடிந்தபோது இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் முகாம்களில் இருந்தவர்களுக்குப் பதிவு என்ற சொல் என்ன செய்யும் என்று உங்களுக்கு விளங்குமோ தெரியாது. அங்கிருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. ஊருக்குத் திரும்பிய பிறகும் படிவங்கள் தீரவில்லை. நீங்கள் என்னை முதலில் வாசிக்கச் சொல்லும் வசனமோ, ‘தரக்கட்டுப்பாட்டுக்காக இந்த உரையாடல் ஒலிப்பதிவு செய்யப்படலாம்’ என்பது. அதிலும் பதிவு. அந்த வரியோடு பாதி வீடு முடிந்துவிடும். ஜீபீஎஸ் வீட்டு வாசலைக் குறித்துக்கொள்வதை அந்த வசனம் சொல்வதே இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றிப் பயிற்சியில் இரண்டு சிலைட் காட்டினார்கள். விறாந்தையில் இருக்கிற அம்மாவுக்கு அதை யார் காட்டுவது?

அடுத்தது லோன்காரர். மோட்டார்சைக்கிள், டெப், கழுத்தில் அட்டை. கிழமைக் கடன் சேர்க்க வருகிறவரின் கோலமும் என் கோலமும் ஒன்று. வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 இலட்சம் ரூபாய் வரையான நுண்கடனை 2018இல் அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். படலையில் நின்று கூப்பிட்டால் சின்னப்பிள்ளை ஓடிவந்து “அம்மா இல்லை” என்கிறது. உள்ளே தாளிக்கிற மணம் வருகிறது. ‘ஆள் இல்லை’ என்று அழுத்திவிட்டு, வலக்கைப் பக்கமாகவே வீடு வீடாகப் போக வேண்டும் என்ற உங்கள் விதிப்படி அடுத்த வீட்டுக்குப் போகிறேன். கடன் இல்லாத வீடுதான் கதவைத் திறக்கும். 1936 அமெரிக்கத் தேர்தலில் ஒரு சஞ்சிகை 20 இலட்சத்துக்கு மேற்பட்ட பதில்களைச் சேர்த்தும் தோற்பவரை வெல்வார் என்று சொன்ன கதையை நீங்கள்தானே எங்களுக்குப் படிப்பித்தீர்கள். பதில் அனுப்பாதவர்கள் வேறு மாதிரி நினைத்திருந்தார்கள்.

புள்ளி போட்டு வீடுகளை வசதிப்படி தரம் பிரிப்பதும் அப்படித்தான். சீமெந்துச் சுவருக்கும் ஓட்டுக்கூரைக்கும் புள்ளி கூடுகிறது. இங்கே வரிசையாக நிற்கும் கல்வீடுகளில் பல, இந்திய வீட்டுத்திட்டத்தில் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயைத் தவணை தவணையாக வாங்கிக் கட்டியவை. வீடு ‘நடுத்தரம்’, வீட்டுக்காரியின் சங்கிலி அடைவுக்கடையில். மாத வருமானம் எவ்வளவு என்று ஒரு ஐயாவிடம் கேட்டேன். “நெல்லு விக்கிற மாதத்தையோ, விதைக்கிற மாதத்தையோ பிள்ளை கேக்கிறாய்?” என்றார். காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் டெப்பில் பொத்தான் இல்லை.

ஏன் இந்தப் பால்மா வாங்குகிறீர்கள் என்ற கேள்விக்கு நீங்கள் தந்த தெரிவுகள் சுவை, விலை, தரம், விளம்பரம். சனம் சொன்னது, “கொப்பிக்குத் தாறது அந்தக் கடைதான், அங்க இதுதான் இருக்கு.” கடன் கொப்பிதான் இங்கே பிராண்டைத் தீர்மானிக்கிறது. ‘வேறு’ என்று அழுத்தி, இதை எழுதி அனுப்பினேன். ‘வேறு’ கூடிவிட்டது என்று மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பினார். அப்புறம் ‘விலை’யை அழுத்தினேன். சுப்பர்மார்க்கெட் பில்லை வைத்தே எல்லாம் கண்டுபிடிக்கலாம் என்று இப்போது பேசுகிறீர்கள். கொப்பிக்கு பார்கோட் கிடையாது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். முடித்த கேள்விக்கொத்துக்கு இவ்வளவு என்றுதான் எங்களுக்குக் கூலி. ஒட்டுசுட்டானில் ஒரு மழைநாள், 45 நிமிடக் கேள்விக்கொத்தின் நடுவில் ஒரு அக்கா மாட்டைக் கட்ட எழும்பிப் போய்விட்டார். மிச்சம் பன்னிரண்டு கேள்வியையும் மரத்தடியில் இருந்து நானே நிரப்பினேன். அவர் எப்படிச் சொல்லியிருப்பார் என்று ஊகித்து, கவனமாக. செயற்கைப் பதிலாளர் புதுக் கண்டுபிடிப்பு என்று பயிற்சியில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு நான் செய்தது வேறென்ன?

கணினி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சனத்தைத் தங்கள் பாட்டில் கதைக்க விட்டு, அதைக் கணினி எழுத்தாக்கி, ‘வேறு’ என்பதற்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துத் தந்தால் எனக்குப் பெரிய உதவி. அதற்குக் கணினி முதலில் எங்கள் தமிழைக் கேட்டிருக்க வேண்டும். உங்கள் கேள்விக்கொத்தில் இன்னமும் ‘சலவைத்தூள்’ என்றும் ‘இருசக்கர வாகனம்’ என்றும்தான் இருக்கிறது.

கூலியை நாள்கணக்கில் தாருங்கள். யாருக்காகக் கேட்கிறோம் என்பதைப் படலையிலேயே சொல்ல விடுங்கள். பூட்டிய வீட்டுக்கு இரண்டாம் தரம், லோன்காரர் வராத நாளில், போக நேரம் தாருங்கள். செயற்கை ஆட்களை வைத்து எழுதும் அறிக்கையில் ‘வன்னி’ என்று ஒரு நிரல் போடுவதானால், அதில் உண்மையான வீடு எத்தனை என்று பக்கத்தில் எழுதுங்கள்.

அடுத்த மாதம் புதுக்குடியிருப்பில் தொலைபேசி பற்றிய சேர்வே தொடங்குகிறது என்று அறிந்தேன். கேள்விக்கொத்தை முதலில் எனக்கு அனுப்புங்கள். இரண்டு நாளில் பார்த்துத் திருத்தித் தருகிறேன். அந்த இரண்டு நாளுக்கும் கூலி போடுங்கள்.

இப்படிக்கு,
சேர்வேப் பிள்ளை
கிளிநொச்சி