லேசான நாற்காலியில் திருகாணி எங்கே பிடிக்கும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

புதுமையான லேசான பொருள்களில் மேசை, நாற்காலி செய்து பார்க்கும் வடிவமைப்பாளர்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை மகிழ்ச்சி தந்தது. தேன்கூட்டு அட்டை (தேன்கூடு போலச் சிறு அறைகள் கொண்ட அட்டை), கார்பன் ஃபைபர், நுரைப்பலகை எல்லாவற்றையும் தொட்டிருந்தீர்கள். ஆனால் ஒவ்வொரு நாற்காலிக்கும் எடையை மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறீர்கள். கால் இருக்கையோடு எப்படிச் சேர்ந்தது என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. இந்த வேலையில் பாதி உழைப்பு அந்த மூட்டுக்கே போகிறது. உடைவதும் பெரும்பாலும் அங்கேதான்.

பலகையை லேசாக்குவது ஒப்பீட்டளவில் எளிது. 4 மி.மீ. தகடு ஒன்றுக்குப் பதிலாக 2 மி.மீ. தகடுகள் இரண்டை எடுத்து, நடுவே 4 மி.மீ. கனத்தில் தேன்கூட்டு அட்டையை வைத்து ஒட்டினால், வளையாமல் நிற்கும் திறன் 7 மடங்காகிறது. நடுக்கனத்தை 12 மி.மீ. ஆக்கினால் 37 மடங்கு. எடையில் கூடுவது அட்டையும் பசையும் மட்டுமே. பசை விடாமலும் நடுப்பொருள் நசுங்காமலும் நழுவாமலும் இருக்கும்வரை இந்தக் கணக்கு செல்லும். இத்தாலிய வடிவமைப்பாளர் ஆல்பர்டோ மேடா 1987இல் வடிவமைத்த ‘லைட் லைட்’ நாற்காலி இந்த வழியில் வந்ததுதான். நடுவே நோமெக்ஸ் என்ற செயற்கை இழைத்தாளால் ஆன தேன்கூடு, மேலும் கீழும் கார்பன் ஃபைபர். எடை ஏறக்குறைய ஒரு கிலோ.

இப்படிப்பட்ட பலகையில் திருகாணியை முடுக்கினால் அது மெல்லிய மேல்தகட்டை மட்டும்தான் பிடித்திருக்கும். உட்கார்ந்தவர் பின்னால் சாயும் ஒவ்வொரு முறையும் துளை சிறிது அகலும்; பிறகு தகடு கிழிந்து கால் ஆடும். அதனால் மூட்டு வரும் இடத்தில் மட்டும் பலகையைத் திடமாக்க வேண்டும். பலகை ஒட்டுவதற்கு முன்பே இடம் தெரிந்தால், அங்கே அட்டையை வெட்டியெடுத்து, அதே கனத்தில் 50 மி.மீ. சதுரக் கட்டை ஒன்றை வைத்துவிடலாம். ஒட்டிய பிறகுதான் தெரிகிறது என்றால், 6 மி.மீ. போல்ட்டுக்கு 25 முதல் 30 மி.மீ. வட்டமாக மேல்தகட்டை அறுத்து, உள்ளே உள்ள அட்டையைச் சுரண்டி, கீழ்த்தகட்டைத் தொடாமல் விட்டு, தூள் சேர்த்துக் கெட்டியாக்கிய எபாக்சியால் (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) நிரப்ப வேண்டும். கெட்டியாக்க என்ன தூள் சேர்க்கிறோம் என்பது முக்கியம். கண்ணாடி நுண்குமிழ்த் தூள் லேசானது, தேய்க்கவும் எளிது. ஆனால் மரைப்பிடிப்புக்கு அது போதாது. சிலிக்கா தூளோ பருத்தி இழைத்தூளோ சேர்க்க வேண்டும். குழி பெரிதானால் ஒரே தடவையில் ஊற்றக் கூடாது. எபாக்சி இறுகும்போது சூடாகும். நடுவே நுரைப்பலகை இருந்தால் அந்தச் சூட்டிலேயே உருகிவிடும். இரண்டு தடவையாக ஊற்றி, முழுதும் இறுகிய பிறகு துளையிட்டு, மரையுள்ள உலோகக் குழலைப் பதிக்கலாம்.

சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரை, அதாவது பிசினை இறுகச் செய்யும் இரண்டாவது திரவத்தை, கூடுதலாக ஊற்றுவது பலரும் செய்யும் தவறு. எபாக்சியில் அது வேகத்தைக் கூட்டாது, மூட்டு மென்மையாகவே நின்றுவிடும். தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தைத் தராசில் நிறுத்தே கலக்க வேண்டும். தெர்மோகோலின் மேல் பாலியெஸ்டர் ரெசின் பூசினால் அதிலுள்ள ஸ்டைரீன் என்ற திரவம் தெர்மோகோலைக் கரைத்துவிடும்; அங்கும் எபாக்சிதான் சரி. காகிதத் தேன்கூட்டில் வெள்ளைப் பசையைத் தாராளமாகத் தடவினால் தண்ணீர் அறைகளுக்குள்ளேயே தங்கி அட்டையை ஊறவைக்கும். ரோலரால் மெல்லிசாகத் தடவி, ஓர் இரவு சமமான பாரத்தில் வைத்தால் போதும். ஓரங்களை மரச்சட்டத்தால் மூடாவிட்டால் ஈரம் அந்த வழியாக ஏறும். மேல்தகடும் கீழ்த்தகடும் ஒரே கனம், ஒரே இழையோட்டம் இல்லையென்றால் பலகை தானாகவே கோணும். கார்பன் ஃபைபர் அலுமினியத்தை நேராகத் தொட்டால், ஈரம் படும்போது அலுமினியம் அரிக்கும். இடையில் ஒரு சுற்று ஃபைபர் கிளாஸ் துணி வேண்டும்.

ஒட்டியது சரியா என்று பார்க்க ஒரு நாணயமே போதும். பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே போனால், பசை விட்டுப்போன இடத்தில் ஓசை மந்தமாகும்.

மூட்டை அடிப்படையாக வைத்தே யோசித்த வடிவமைப்பாளர்களும் உண்டு. உங்கள் கட்டுரையில் அவர்களுக்கு இடம் கிடைத்திருக்க வேண்டும். மார்செல் வாண்டர்ஸ் 1996இல் செய்த முடிச்சு நாற்காலியில் திருகாணியே இல்லை. கார்பன் நடுவே ஓடும் அராமிட் என்ற உறுதியான செயற்கை இழைக் கயிற்றை நாற்காலி வடிவில் முடிந்து, எபாக்சியில் ஊறவைத்து, சட்டத்தில் தொங்கவிட்டு இறுகச் செய்தார். அதில் முடிச்சுதான் மூட்டு. ஜியோ போன்டியின் 1957ஆம் ஆண்டு ‘சூப்பர்லெஜ்ஜெரா’ நாற்காலிக்குப் புதுப்பொருள் எதுவுமே தேவைப்படவில்லை. ஆஷ் மரம்தான், கால்களை 18 மி.மீ. முக்கோண வெட்டுமுகத்துக்கு இளைத்து, மொத்த எடையை 1.7 கிலோவுக்குக் கொண்டுவந்தார். விசை போகாத இடத்து மரத்தை அவர் செதுக்கியெடுத்தார், மூட்டுக்கு வேண்டியதை விட்டுவைத்தார். எனக்கு அது எந்தக் கார்பன் நாற்காலிக்கும் குறைந்த சாதனையாகத் தெரியவில்லை.

இனி இப்படி ஒரு படைப்பைப் பற்றி எழுதும்போது, ஒற்றை விரலால் நாற்காலியைத் தூக்கிப் பிடிக்கும் படத்தோடு, கால் சேரும் இடத்தின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றையும் வடிவமைப்பாளரிடம் கேட்டு வாங்கி அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அறைகலன் வடிவமைப்புத் துறையைச் சேர்ந்த வாசகர்