அவசரப் பிரிவில் இன்சுலின் அளவு மாறியது குறித்து நான்காவது மனு

பெறுநர்: உயர்திரு இணை இயக்குநர் (நலப்பணிகள்) அவர்கள்

பொருள்: எங்கள் வட்ட அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் மருந்து அளவு மாறிப் போடப்பட்டது, இனி நடக்காமல் இருக்க ஏற்பாடு செய்யக் கோருதல்.

பார்வை: மார்ச், மே, ஜூன் மாதங்களில் நான் கொடுத்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மருத்துவமனைக்கு உங்களுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. சந்தைக்குப் பின்னால், மழை பெய்தால் ஆம்புலன்ஸ் திரும்ப முடியாமல் நிற்கும் அதே வாசல்தான். சுற்றியுள்ள கடைமடைக் கிராமங்களுக்கு ராத்திரியில் அதை விட்டால் தஞ்சாவூர்தான்.

மாசி மாதம் ஒரு ராத்திரி என் அப்பாவுக்கு (வயது 67) வாந்தி, மயக்கம். 108-ல் கொண்டு போனோம். சுகர் 412. டியூட்டி டாக்டர் பார்த்து இன்சுலின் 12 யூனிட் போடச் சொல்லி எழுதினார், அதில் ஒரு தவறும் இல்லை. மருந்து ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கி வாருங்கள் என்றார்கள். எதிர்க் கடைக்கு ஓடி வாங்கி வந்தவன் நான்தான் ஐயா, எழுதும்போதே கை கூசுகிறது. கடையில் இருந்தது மில்லிக்கு 100 யூனிட் உள்ள குப்பி. ஆஸ்பத்திரியில் இருந்தது சிவப்பு மூடி போட்ட சிரிஞ்ச், அது 40 யூனிட் குப்பிக்கு உரியது. அதில் 12-ஆவது கோடு வரை இழுத்தால் 100 குப்பியிலிருந்து உள்ளே போவது 30 யூனிட். இந்தக் கணக்கெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. நர்சிங் படிக்கும் என் அக்கா மகள் அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து, சிவப்பு மூடியையும் 100-க்கு உரிய ஆரஞ்சு மூடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தண்ணீரை இழுத்துக் காட்டினாள்.

ஊசி போட்டபோது மணி பதினொன்று. அந்த நர்ஸம்மா ஒருவர்தான் காஷுவால்ட்டிக்கும் பிரசவ வார்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தார். மூன்று மணி வரை யாரும் சுகர் பார்க்கவில்லை. அப்பா அசந்து தூங்குகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறதே என்று தொட்டுப் பார்த்தால் உடம்பு சில்லென்று கிடந்தது. கத்தினேன். சுகர் 28. குளுக்கோஸ் ஏற்றி, விடிவதற்குள் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள்.

உயிரோடு இருக்கிறார். ஆனால் எப்படி இருக்கிறார் என்று நீங்கள் வந்து பார்க்க வேண்டும். கொள்முதல் நிலையத்தில் மெஷின் ஈரப்பதம் காட்டுவதற்கு முன்னாலேயே நெல்லைப் பல்லில் கடித்து "பதினேழுதான், ஏத்துங்கடா" என்று சொல்லிவிடுகிற மனுஷன் அவர். பட்டியல் எழுதுகிறவரே சில சமயம் கேட்டுக்கொள்வார். இப்போது நெல்லை வாயில் போட்டால் துப்ப மறந்து மென்றுகொண்டே இருக்கிறார், அம்மாதான் வாயில் விரலை விட்டு எடுக்கிறாள். வாய்க்கால் வரை போனால் வீட்டுக்கு வழி தெரியவில்லை. என்னைத் தம்பி என்கிறார், அதாவது இறந்துபோன என் சித்தப்பா என்று நினைத்துக்கொண்டு.

என் கோரிக்கைகள்:

1. இன்சுலின் ஆஸ்பத்திரி ஸ்டாக்கிலேயே இருக்க வேண்டும். வெளியே வாங்கத்தான் வேண்டும் என்றால் 40-ஆ 100-ஆ என்று சீட்டில் எழுதித் தர வேண்டும்.

2. இன்சுலின் மாதிரி ஆபத்தான ஊசிகளைப் போடும் முன் இன்னொருவர் குப்பியைப் பார்த்து மருந்து, அளவு, நோயாளி பெயர் மூன்றையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். இதற்குச் செலவு ஒரு ரூபாய் கிடையாது.

3. அந்த இன்னொருவர் எங்கே இருக்கிறார்? ராத்திரியில் இருப்பதே ஒரு நர்ஸ். ஆகவே இரண்டாவது நர்ஸ் வேண்டும், இதைத்தான் மூன்று மனுவிலும் எழுதினேன். அந்த அம்மாவைத் தண்டிக்கச் சொல்லி நான் ஒரு வரியும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். விடிகாலையில் அவர் என் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரை மாற்றிவிட்டு ஃபைலை மூடினால் அடுத்து வருகிறவரும் அதே சிவப்பு மூடியைத்தான் எடுப்பார்.

4. போன மாதம் போனபோது பார்த்தேன், பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலும் ஊசி மருந்து கலக்கும் தண்ணீர் ஆம்பூலும் ஒரே தட்டில் கிடக்கின்றன. பொட்டாசியத்தைக் கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்று அக்கா மகள் சொல்கிறாள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா ஐயா? உலக சுகாதார நிறுவனம் 2017-லிருந்து மருந்துப் பிழைகளைக் குறைக்கச் சொல்லி வருகிறது, செப்டம்பர் 17 நோயாளி பாதுகாப்பு நாள், போன வருடம் நம் ஆஸ்பத்திரி வாசலிலும் பேனர் கட்டினார்கள். பேனர் இன்னும் தொங்குகிறது, தட்டும் அப்படியே இருக்கிறது.

5. முதல் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு மட்டும். இரண்டாவது மனுவை விசாரிக்கச் சொல்லி அதே மருத்துவமனைக்கே அனுப்பினீர்கள், அது அங்கேயே தூங்குகிறது. மூன்றாவதுக்கு "மனு முடித்து வைக்கப்பட்டது" என்று போனில் மெசேஜ் வந்தது. எதை முடித்து வைத்தீர்கள்? மேட்டூர் தண்ணீர்கூட எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்துவிட்டது ஐயா, உங்களிடமிருந்து ஒரு பதில் வரவில்லை. கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் அந்த வரிகளை அடித்துவிடவில்லை, அப்படியே விடுகிறேன்.

6. இரண்டாவது நர்ஸ். மில்லிக்கு ஒரே யூனிட் உள்ள இன்சுலின் குப்பி. வாய்விட்டுப் படிப்பது.

சம்பா நடவு தொடங்கப் போகிறது. மருந்து அடிக்கையில் மயங்கி விழுகிறவர்களும் பாம்பு கடித்தவர்களும் அந்த வாசலுக்குத்தான் வருவார்கள். சொல்லாமல் ஒரு ராத்திரி பதினொன்று மணிக்கு வந்து பத்து நிமிஷம் நில்லுங்கள் ஐயா, போதும். அந்தக் குப்பி இன்னும் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது. எப்போது கூப்பிட்டாலும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
முந்தைய மூன்று மனுக்களில் பெயரும் முகவரியும் உள்ள அதே மனுதாரர்

இணைப்பு: குப்பி, சிரிஞ்ச் புகைப்படங்கள், கடை பில் நகல், ஒப்புகைச் சீட்டு நகல்.