ஆண்டறிக்கை: ‘தமஸ்’ திரையிடலும் உறுப்பினர்களின் எதிர்வினைகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவில் கூடியிருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நமது திரைப்படச் சங்கத்தின் ஆண்டறிக்கையைச் செயலாளர் என்ற முறையில் தங்கள் முன் வைக்கிறேன். மாதாந்தரத் திரையிடல்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். எனவே, இந்தியப் பிரிவினைக் காலக் கலவரங்களைச் சித்தரிக்கும், இவ்வாண்டு நம்மிடையே மிகுந்த விவாதத்தை எழுப்பிய ‘தமஸ்’ படத்தின் திரையிடலைப் பற்றியே இவ்வறிக்கையில் விரிவாகக் கூற விழைகிறேன்.

படத்துக்கு மூலமான அதே பெயருடைய இந்தி நாவலை எழுதிய பீஷ்ம சாஹ்னி, இன்று பாகிஸ்தானில் உள்ள ராவல்பிண்டியில் பிறந்தவர். 1947 மார்ச்சில் அப்பகுதியில் நடந்த கலவரங்களைக் கண்டவர். 1970இல் கலவரத்துக்குள்ளான, மும்பைக்கு அருகிலுள்ள பிவண்டிக்குச் சென்று வந்த பிறகே அந்தப் பழைய நினைவுகள் அவரிடம் நாவலாக உருப்பெற்றன. அந்நாவல் 1975இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதைத் தழுவி கோவிந்த் நிஹலானி இயக்கிய இப்படத்தை 1988 ஜனவரியில் தூர்தர்ஷன் தொடராக ஒளிபரப்பியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. தடை கோரிய வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதிகள் படத்தை முழுவதுமாகப் பார்த்துவிட்டே ஒளிபரப்புக்கு அனுமதி அளித்தனர். பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் தடை விதிக்க மறுத்தது. ஒரு படைப்பின் விளைவை நிதானமும் மன உறுதியும் கொண்ட மனிதரின் பார்வையில் எடைபோட வேண்டுமே தவிர, எதிர்க்கருத்து எதைக் கண்டாலும் ஆபத்தென அஞ்சுபவரின் பார்வையில் அல்ல என்ற அளவுகோலை அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

திரையிடல் அறிவிப்பு வெளியானதும் உறுப்பினர்கள் சிலர் கூட்டாகக் கடிதம் எழுதி, ஆறிய புண்ணைக் கிளற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டனர். கையெழுத்திட்டவர்கள் சங்கத்தின் மீது அக்கறை உள்ளவர்கள் என்பதால் செயற்குழு அக்கடிதத்தை நெடுநேரம் பரிசீலித்தது. ஒரு காட்சியையும் வெட்டாமல், சுமார் ஐந்து மணி நேரம் ஓடும் படத்தை அடுத்தடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் திரையிடுவது, கடிதம் எழுதியவர்களுக்கே கலந்துரையாடலில் முதலில் பேச வாய்ப்பளிப்பது என்று முடிவாயிற்று. அந்த முடிவு சரியானதே என்பது என் கருத்து.

முதல் ஞாயிறன்று நிலைமை இறுக்கமாக இருந்தது. தோல் பதனிடும் தொழிலாளி நத்து, முராத் அலி என்பவன் பணம் கொடுத்து ஏவியபடி, ஒரு பன்றியைக் கொல்ல இரவெல்லாம் போராடும் தொடக்கக் காட்சியிலேயே சிலர் எழுந்து வெளியே சென்றனர். அந்தப் பன்றி மறுநாள் பள்ளிவாசல் படியில் கிடக்கிறது. கலவரம் அதிலிருந்து மூள்கிறது. நாவலின் முதல் அத்தியாயமும் இதே போராட்டம்தான் என்றாலும், அங்கே வாசகர் நத்துவின் மனத்துக்குள் இருக்கிறார். திரையில் அவனுடைய மூச்சிரைப்பும் வியர்வையுமே நமக்குக் கிடைக்கின்றன. இக்காட்சியைச் சுருக்கியிருக்கலாம் என்று ஒருவர் கூறியபோது, இதைக் குறைத்தால் பின்னால் நத்துவை அரிக்கும் குற்றவுணர்வு வெறும் வசனமாகிவிடும் என்று இன்னொரு உறுப்பினர் பதிலளித்தார். அன்று பேசிய பெரும்பாலோரின் குறை, தத்தம் தரப்பே கூடுதலாகக் குற்றம் சாட்டப்பட்டுள்ளது என்பதாகவே இருந்தது. காங்கிரஸ் தொண்டர்களைச் சிறுமைப்படுத்திவிட்டதாக ஒருவர் வருந்தினார். கிழிந்த இராணுவ உடையில் திரிந்து, பிரிவினையை எதிர்த்துப் பேசும்போதே கொல்லப்படும் ஜர்னைலும் காங்கிரஸ்காரர்தானே என்று மற்றொருவர் நினைவூட்டினார். இரு சமயத்தாரின் சார்பிலும் ஏறத்தாழ ஒரே சொற்களில் மனக்குறைகள் எழுந்தன.

இரண்டாம் ஞாயிறன்று பேச்சின் தன்மையே மாறியது. வீட்டை விட்டு ஓடிவந்த சீக்கிய முதிய தம்பதி ஹர்னாம் சிங்குக்கும் பந்தோவுக்கும் முஸ்லிம் பெண்ணான ராஜோ அடைக்கலம் தரும் பகுதியை அரங்கம் மூச்சுவிடாமல் பார்த்தது. ராஜோவாக நடித்த சுரேகா சிக்ரி இப்படத்துக்காகத் தேசிய விருது பெற்றவர். ஹர்னாம் சிங்காக நடித்திருப்பவர் நாவலாசிரியரே. கலந்துரையாடலில் மூத்த உறுப்பினர் ஒருவர் நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து அவ்விடத்தை வாசித்துக் காட்டினார். ராஜோவின் வீட்டார், கொள்ளையடித்து வந்த டிரங்குப் பெட்டியின் பூட்டை உடைக்க முற்படுகிறார்கள்; அது தங்கள் பெட்டி என்று கண்டுகொண்ட ஹர்னாம் சிங், உடைக்க வேண்டாம், இதோ சாவி என்று எடுத்து நீட்டுகிறார். வாசித்தவரின் குரல் அங்கே தழுதழுத்தது. குருத்வாராவில் தஞ்சம் புகுந்த பெண்கள் கிணற்றில் குதிக்கும் காட்சிக்குப் பிறகு விளக்கைச் சற்று நேரம் போடவேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

முடிவைப் பற்றி மட்டும் நாவல் வாசகர்கள் சமாதானம் அடையவில்லை. நாவலில் நத்துவின் சாவு போகிற போக்கில் சொல்லப்படுகிறது. கலவரத்துக்குப் பின் ஊரைச் சுற்றிவரும் அமைதிக் குழுவின் பேருந்தில் முராத் அலியே ஏறி அமர்ந்து ஒற்றுமை முழக்கமிடுகிறான். படமோ நத்துவின் மனைவி கர்மோவை ஹர்னாம் சிங் தம்பதியுடன் சேர்த்துவைத்து, அகதி முகாமில் அவளுக்குக் குழந்தை பிறப்பதோடு முடிகிறது. ஏவியவனே சமாதானத் தூதனாகும் கசப்பை இது மழுங்கடித்துவிட்டது என்பது அவர்களின் வாதம். குழந்தையின் அழுகுரலோடு சமய முழக்கங்களும் சேர்ந்தே ஒலிப்பதால் கசப்பு எங்கும் போய்விடவில்லை என்று இளம் உறுப்பினர்கள் வாதிட்டனர். இதில் நான் நாவலின் பக்கமே நிற்கிறேன். ஆயினும் ஒரு படத்தின் முடிவைக் குறித்து இவ்வளவு கூர்மையான பேச்சை நம் கூட்டங்களில் நான் கேட்டதில்லை.

முதல் வாரத்தோடு நின்றுவிட்டவர்களின் கருத்துக்கும் இரண்டு வாரமும் வந்தவர்களின் கருத்துக்கும் இடையே இருந்த வேறுபாடு, நாவலைப் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் இடையே இருந்ததைவிடப் பெரிது. இதைக் கருத்தில் கொண்டு, நீண்ட படங்களை உணவு இடைவேளையுடன் ஒரே நாளில் திரையிடவும், நாவலைத் தழுவிய படமாயின் மூலநூலின் பிரதிகளை ஒரு மாதம் முன்னதாகவே உறுப்பினர்களுக்குச் சுற்றுக்கு விடவும், எதிர்ப்புக் கடிதங்களைக் கலந்துரையாடலில் முழுமையாக வாசிக்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இப்பரிந்துரைகளுக்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். கடிதத்தில் கையெழுத்திட்ட உறுப்பினர்களில் இருவர் அடுத்த ஆண்டுக்கான படத்தேர்வுக் குழுவில் இடம்பெற இசைந்துள்ளனர். அவர்களது நியமனத்தையும் ஏற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்